பாத்திரங்கள் மௌத்தாகாத வீடு

மாமியின் முகத்தைவிட மாமியின் திரைச்சீலைதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீடு மகளுக்கு என்று ஆகிவிடும். தாய் சமைக்கிற குசினிப் பக்கமாக ஒதுங்கிக்கொள்வார். மருமகனுக்கு முன்னால் வந்து நிற்கவும் மாட்டார், நேருக்கு நேர் கதைக்கவும் மாட்டார். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு நான் மாப்பிள்ளையாகப் போனபோது மாமா மௌத்தாகி, மாமி விதவையாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமியிடம் மிச்சம் இருந்தவை ஒரு மகள், ஒரு குசினி, குசினி வாசலில் தொங்கிய ஒரு திரை.

அந்தத் திரையும் குசினியில் பிறந்ததுதான். அமெரிக்காக்காரன் உதவியாக அனுப்பிய கோதுமை மாப் பைகளைப் பிரித்துத் தைத்தது. எத்தனை தோய்த்தாலும் போகாத நீல நிறத்தில், இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் அதன் நடுவில் இருந்தது. எனக்கும் மாமிக்கும் இடையில் பல வருடங்களாக நடந்துகொண்டிருந்த ஒரே கைகுலுக்கல் அது.

திரைக்கு இந்தப் பக்கம் நான் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"புள்ள, உன்ட மாப்பிள்ளைக்கு இன்னம் கொஞ்சம் சோறு வேணுமா எண்டு கேளு."

என் மனைவி அந்த நேரம் கிணற்றடியில் இருந்தாலும் கேள்வி அவளுக்குத்தான். நானும் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

"போதும் எண்டு உம்மாட்டச் சொல்லு."

தபால்காரர் இல்லாமலே தபால் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, புது மாப்பிள்ளை என்ற மரியாதையோடு என்னைக் குளிக்க அனுப்பினார்கள். கிணற்றடியில் உயரமாக ஒரு தகரப் பீப்பாய் நின்றது. அதன் அடியில் குழாய். குழாயின் வாயில் பித்தளையில் ஏதோ கட்டியிருந்தது. சவர்க்காரத்தை முகத்தில் பூசிக்கொண்டு குழாயைத் திறந்தேன். தண்ணீர் நூல் நூலாக, இழை இழையாக, தலையில் இறங்கியது. நான் அன்று குளிக்கவில்லை, பிழியப்பட்டேன். பீப்பாய் வெடித்துவிட்டது என்று நினைத்து, சாறனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண் எரிய வீட்டுக்குள் ஓடினேன்.

"கிணத்தடியில என்னமோ உடைஞ்சி போச்சி!"

திரைக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு குரல் வந்தது.

"புள்ள, உடைஞ்சதாலதான் அது அங்க இரிக்கி எண்டு சொல்லு."

இடியப்ப உரலின் கைபிடி முறிந்துபோனதாம். ஓட்டைகள் நல்லபடி இருந்தனவாம். கைபிடிக்காக ஓட்டைகளை ஏன் தண்டிக்க வேண்டும் என்பது மாமியின் கட்சி. கல்முனைப் பெரிய வீடுகளில் மாப்பிள்ளைமார் 'ஷவர்' என்ற ஒன்றில் குளிப்பதாகக் கேள்விப்பட்டு, என் கௌரவத்துக்காக அதை அங்கே கட்டியிருக்கிறார். சீதனத்தில் அது சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த வீட்டில் பாத்திரம் எதுவும் மௌத்தாவதில்லை என்பதை நான் அப்படித்தான் அறிந்துகொண்டேன். அடி ஒழுகிய தேத்தண்ணிக் கேத்தல் கொஞ்சக் காலம் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியது. அடியே முழுதாகக் கழன்று விழுந்ததும், 'இனி என்ன செய்வார் பார்ப்போம்' என்று நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். மறுநாள் அது கத்தரிக் கன்று ஒன்றின் மேல் கவிழ்ந்து இருந்தது. கோழி கொத்தாது, மூக்கால் கன்றுக்குக் காற்றுப் போகும். தேங்காய் துருவிப் பல் மழுங்கிய திருவலை மீனுக்குச் செதில் உரித்தது. ஓட்டை அடுப்பின் பித்தளைத் தாங்கி, அதாவது மண்ணெண்ணெய் நிரப்பும் அந்த உருண்டை, வயிற்றில் மணலை நிரப்பிக்கொண்டு கதவுக்கு முட்டாக நின்றது. காற்று வீசும் காலத்தில் அதைப் போல உண்மையான ஊழியனை நான் எங்கள் அரசாங்கக் கந்தோரில்கூடப் பார்த்ததில்லை. அங்கே நான் எழுதுவினைஞன். ஆகவே அறிந்துதான் சொல்கிறேன்.

மா அரிக்கும் அரிதட்டின் கம்பி அங்கங்கே விட்டுப்போனதும் மாமி அதை விறாந்தையில் மின்குமிழுக்கு மூடியாகத் தொங்கவிட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. இருட்டிய பிறகு, மஃரிபு தொழுதுவிட்டு வந்து, மின்குமிழின் கீழே கதிரையில் உட்கார்ந்து கையைப் பார்த்தேன். கை முழுக்கப் புள்ளி. சாறனை உயர்த்தினேன், காலிலும் புள்ளி. நெஞ்சிலும் புள்ளி. ஊரில் அப்போது சின்னமுத்துக் காய்ச்சல் நடமாடிக்கொண்டிருந்தது. நான் கதிரையில் சாய்ந்து, மருதமுனைக்கு ஆள் அனுப்பி என் உம்மாவைக் கூட்டிவரும்படி மனைவியிடம் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டேன். உடம்பில் சூடு இருப்பதாகவும் எனக்குத் தோன்றியது. மனைவி என் நெற்றியில் கை வைத்துவிட்டு ஒன்றும் விளங்காமல் நின்றாள்.

"புள்ள," என்றது திரை, "அவரக் கொஞ்சம் அங்கால தள்ளி இருக்கச் சொல்லு."

தள்ளி உட்கார்ந்தேன். சுகமாகிவிட்டது. ஊரிலே சின்னமுத்து இவ்வளவு விரைவில் மாறியது எனக்கு மட்டும்தான்.

அது கடைகளில் பிளாஸ்டிக் வந்து குவிந்த காலம். முன்பு ஒரு சட்டி வாங்க வரிசையில் நின்ற சனம், இப்போது சிவப்பு வாளி, பச்சை வாளி, மஞ்சள் வாளி என்று கை நிறைய வாங்கியது. சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் அனுப்பிய பிளாஸ்க்குகள் வீட்டுக்கு வீடு கண்ணாடி அலுமாரியில் ஏறி நின்றன. யாரும் அவற்றில் தேத்தண்ணி ஊற்றவில்லை, ஊற்றினால் பழசாகிவிடும் என்ற பயம். மாமிக்கு அந்தப் பயம் இல்லை. புதுச் சாமானை அவர் மதித்ததும் இல்லை, வெறுத்ததும் இல்லை. அது உடைவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். நான் முதல் சம்பள உயர்வில் ஒரு சிவப்பு வாளி வாங்கி வந்து, திரைக்குக் கேட்கும்படி சத்தமாக அதன் பெருமைகளைச் சொன்னேன்.

"நல்லம். எப்ப உடையும் எண்டு கடைக்காரன் சொன்னானா எண்டு கேளு. ஒரு வேலைக்கு வேணும்."

எனக்கு அன்றிரவு சரியாக நித்திரை வரவில்லை. அந்த வீட்டுக்குள் வந்த எல்லாவற்றையும் அவர் ஒரே கண்ணோடுதான் பார்க்கிறார் என்றால், என்னையும் அப்படித்தானே பார்ப்பார்? என் கைபிடி எப்போது முறியும், அதற்குப் பிறகு என்னை எங்கே கட்டித் தொங்கவிடுவார்?

இப்படியாக வீட்டைச் சுற்றிய வளவு நிறைந்துகொண்டே வந்தது. நெல் காயப்போடும் பாயைச் சுற்றிக் கம்பி கட்டி, அதில் பால்மா வந்த தகரப் பேணிகளைக் கூழாங்கற்கள் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். கம்பியின் மறு முனை குசினிக்குள் போனது. காகம் வந்தால் மாமி உள்ளே இருந்தபடியே ஓர் இழுவை இழுப்பார். பேணிகள் எல்லாம் ஒன்றாகக் கத்தும். காகமும் பறக்கும், நானும் எழும்புவேன். காகத்துக்குக் கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

கடைசியாக வந்தது ஏரியல். என் ரேடியோவில் சத்தம் கரகரக்கிறது என்று மனைவியிடம் குறைபட்டேன். அடுத்த நாள் கந்தோரிலிருந்து வந்தபோது குசினிக் கூரைக்கு மேலே ஒரு நீட்டு மூங்கில் நின்றது. அதன் உச்சியில் பிடி கழன்ற அலுமினிய மூடிகள், அவற்றுக்கு நடுவே ஒரு வடிதட்டு, எல்லாவற்றையும் கோர்த்துக்கொண்டு ஒரு செப்புக் கம்பி. ரேடியோ கணீரென்று கதைத்தது. சில நேரம் கொழும்பும் இந்தியாவும் ஒன்றாகக் கதைத்தன. அது பற்றி நான் குறை சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு மூடி ஏறும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் கரையோரம் கெட்டுப்போனது. இயக்கக்காரர்களைத் தேடி இராணுவத்தினர் விடியற்காலையில் ஊரை வளைப்பார்கள். சந்தேகம் வந்தால் ஆளை லொறியில் ஏற்றுவார்கள். ஏற்றினால் எங்கே இறக்குவார்கள், எப்போது இறக்குவார்கள் என்று வீட்டாருக்குத் தெரியாது. இதில் சிரிக்கப் பகிடி ஒன்றும் இல்லை. பகிடி எல்லாம் நான் அதற்குப் பயந்த விதத்தில்தான் இருக்கிறது.

ஒருநாள் பின்னேரம் அஸருக்குப் பிறகு மனைவியின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் சைக்கிளில் வந்து வேலியில் காலை ஊன்றினான்.

"மச்சான், நாளைக்கு விடிய நம்மட பக்கம் ரவுண்டப் எண்டு கல்முனையில கதைக்கிறானுகள். வயர், கம்பி, ஏரியல் எண்டு எதையும் கண்டா உடன ஏத்துறானுகளாம்."

சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அல்லாஹ்வே! அது என்ன மச்சான்?"

நானும் நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது சட்டி மூடிகளை. அந்த நிமிடம் தொட்டு அது ஒரு கம்பியில்லாத் தந்தி நிலையம். வளவைத் திரும்பிப் பார்த்தேன். பால்மாப் பேணிகள், ஒவ்வொன்றிலிருந்தும் வயர், வயர் போய் முடிகிற இடம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு திரைக்குப் பின்னால், கண்ணிவெடிக்கு இழுத்த மாதிரி. கதவடியில் பித்தளை உருண்டை, காற்றடிக்கும் கைபிடியோடு, அசல் குண்டு. வீடு வீடாகத் தேடி அலைய வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே வளவில் வைத்திருக்கிறோம்.

மாமி அந்தப் பின்னேரம் இரண்டு தெரு தள்ளி யாரோ மௌத்தாகி, அந்த மையத்து வீட்டுக்குப் போயிருந்தார். நான் மம்பட்டியை எடுத்தேன்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மனைவி.

"பொதைக்கப் போறன்."

"இஞ்ச பாருங்க, அது கேத்தல்."

"கேத்தல் எண்டு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாறவனுகளுக்குத் தெரியுமா?"

"ஏன், அவனுகள் தேத்தண்ணி குடிக்கிறல்லையா?"

"அடியில்லாத கேத்தல்ல எவன் குடிக்கிற?"

வாழ்க்கையில் நான் அவளை வாதத்தில் வென்றது அந்த ஒரு முறைதான், அதுவும் பிழையான பக்கத்தில் நின்று. வளவு மூலையில் என் இடுப்பளவுக்குத் தோண்டினேன். ஏரியல், பேணிகள், கம்பிச் சுருள், இடியப்ப உரல், அரிதட்டு, திருவலை, பித்தளை உருண்டை, கடைசியாகக் கத்தரிக் கன்றின் மேலிருந்த கேத்தல். ஒவ்வொன்றாக இறக்கினேன். பயத்தில் பிஸ்மியும் சொன்னேன். மாமி உண்மையான ஒரு மையத்து வீட்டில் இருந்த நேரம், நான் அவருடைய வளவில் மையவாடி ஒன்று திறந்துவிட்டேன்.

மஃரிபுக்கு மாமி திரும்பி வந்தார். குசினிக்குள் எதையோ தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "புள்ள, ஒரு சாமானையும் காணல்ல. கள்ளன் வந்தானா எண்டு கேளு."

"எல்லாம் பத்திரமா இரிக்கி எண்டு சொல்லு," என்றேன் சுவரிடம். திரையில் குலுக்கிக்கொண்டிருந்த கைகள் அன்று எனக்குக் கைகுலுக்கலாகத் தெரியவில்லை, பிடித்து இழுப்பதாகத் தெரிந்தது.

மறுநாள் விடியச் சுபஹ் தொழுது முடிய, ஜீப் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் வளவு கடல் மணல். தினமும் கூட்டுவதால் வெள்ளை வெளேரென்று கிடக்கும். நான் புதைத்த இடம் மட்டும் ஈரமாக, கறுப்பாக, ஆள் படுக்கிற அளவுக்கு, ஊரே பார்க்கும்படி கிடந்தது. மூளை வேலை செய்தது, வேலை செய்யாமல் இருந்திருந்தால் நல்லது. அதன் மேல் ஒரு பாயை விரித்து, பாயின் மேல் கதிரையைப் போட்டு, கதிரையின் மேல் நானே உட்கார்ந்து, கையில் ஒரு பழைய பத்திரிகையையும் பிடித்துக்கொண்டேன்.

வந்தார்கள். வீட்டுக்குள் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்தது. என் முன்னால் வந்து நின்றார்.

"என்ன வேலை?"

"எழுதுவினைஞர்." கதிரையின் கால்கள் புது மணலில் கொஞ்சம் இறங்கின.

"இங்க வேற ஆக்கள் வாறது?"

"இல்ல சேர்." இன்னும் கொஞ்சம் இறங்கின.

"ஏன் விடிய வெளிய இருக்கிறது?"

"காத்து வாங்க." கடற்கரையில் காற்றுக்குப் பஞ்சமா? அவர் கேட்கக் கேட்க நான் தாழ்ந்துகொண்டே போனேன். ஆரம்பத்தில் என் முகம் அவருடைய நெஞ்சுக்கு நேரே இருந்தது, இப்போது இடுப்புப் பட்டிக்கு நேரே இருந்தது. அவரும் அதைக் கவனித்தார்.

"எழும்பு," என்றார்.

மம்பட்டியை என் கையிலேயே தந்தார்கள். சுற்றிவர இரும்புத் தொப்பிகள், துவக்குகள். இரண்டு கொத்துக் கொத்தியதும் கேத்தல் வந்தது.

"இது என்ன?"

"கேத்தல்."

அவர் தூக்கிப் பார்த்தார். அடி இல்லை. அதன் வழியாக என்னைப் பார்த்தார்.

"கேத்தல் ஏன் மண்ணுக்குள்ள?"

எனக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அந்த நிமிடம் போய்விட்டது. ஒரு சிப்பாய் மணலில் தெரிந்த கம்பி முனையைக் கண்டு சத்தம் போட்டான். அதிகாரி எல்லாரையும் பின்னால் போகச் சொன்னார். நான் நடுங்கிய நடுக்கத்தில் மம்பட்டி கம்பியில் கொழுவி இழுபட்டது. மணலுக்குள்ளிருந்து பால்மாப் பேணிகள் ஒன்றாகக் கத்திக்கொண்டு கிளம்பின. சிப்பாய்கள் எல்லாரும் குப்புற விழுந்தார்கள். நானும் விழுந்தேன். அவற்றுக்குள் இருப்பது கூழாங்கல் என்று அந்த வளவில் அறிந்திருந்த ஆம்பிளை நான் ஒருவன்தான், முதலில் விழுந்ததும் நான்தான்.

எழும்பி நின்றபோது அதிகாரியின் முகம் மாறியிருந்தது. தெருவில் நின்ற லொறியை நோக்கி விரலைக் காட்டினார். என் மனைவி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். லொறியை நோக்கி இரண்டு அடி வைத்தேன்.

அப்போது திரை விலகியது.

மாமி வெளியே வந்தார். வெள்ளை முக்காடு, மெலிந்த சின்ன உருவம். அவ்வளவு பெரிய குரல் இவ்வளவு சின்ன ஆளிடமிருந்தா வந்தது என்று அந்த நிலைமையிலும் நான் ஆச்சரியப்பட்டேன். என்னைக் கடந்து, துவக்குகளைக் கடந்து, நேரே குழியடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். கோபம் வந்தது. ஆனால் அது வந்தவர்கள் மேல் இல்லை.

"யா அல்லாஹ்! உசிரோட இரிக்கிற சாமான மையத்தாட்டம் பொதைச்சிரிக்கே!"

அதிகாரியின் கையிலிருந்து கேத்தலை வாங்கினார். சந்தையில் மரக்கறி லொறிக்காரர்களோடு பேரம் பேசிப் படித்த சிங்களமும் எங்கள் தமிழும் கலந்து ஆரம்பித்தார்.

"மாத்தயா, இஞ்ச வாங்க. இது இப்ப கேத்தல் இல்ல. இது கோழிக்குக் காவல்." அதிகாரியைக் கத்தரிக் கன்று வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் கவிழ்த்துக் காட்டினார். கன்று அதற்குள் கொத்துப்பட்டு நின்றது. "பாருங்க, ஒரு பொழுது இல்லாம இரிந்ததுக்கு!"

பிறகு பேணிகள். காகம் இருந்த கொப்பைக் காட்டி, கம்பியை அதிகாரியின் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொன்னார். அவர் இழுத்தார். மாமிக்குப் பழகிவிட்ட காகம் அதிகாரிக்குப் பயந்து பறந்தது. ஒரு சிப்பாய் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பித்தளை உருண்டையைக் கவிழ்த்து மணலைக் கொட்டிக் காட்டினார். உரலைக் கொண்டுபோய்க் குழாயில் கட்டித் தண்ணீரைத் திறந்தார். மூடிகளைக் கம்பியில் கோர்த்து, என் ரேடியோவைக் கொண்டுவரச் சொல்லி, அது கதைக்கும்வரை ஒருவரையும் அசைய விடவில்லை. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சரி அம்மா, போதும்."

"இரிங்க மாத்தயா, அரிதட்டு இன்னம் குழிக்குள்ள கிடக்கு. புள்ள, தேத்தண்ணி போடு!"

திருவலையை விளக்க மீன் இருக்கவில்லை. மீன்காரன் வரும்வரை நிற்க முடியுமா என்று கேட்டார். அவர்கள் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார்கள். தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார்கள். மாமியின் கண் அப்போது ஒரு சிப்பாயின் தலையில் போய் நின்றது. எனக்கு அந்தப் பார்வை தெரியும். திரைக்குப் பின்னாலிருந்து என் சிவப்பு வாளியைத் துளைத்த பார்வை.

"புள்ள," என்றார் மாமி, "இந்த இரும்புத் தொப்பி பழசானா என்ன செய்வாங்க எண்டு கேளு. கவிழ்த்து வெச்சா நல்ல சட்டி."

அதிகாரிக்கு அது விளங்கியிருக்க வேண்டும். கோப்பையை வைத்தார், ஆட்களைக் கூப்பிட்டார், போய்விட்டார். ஜீப் எங்கள் தெருவை அவ்வளவு வேகமாகத் தாண்டியதை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

வளவில் நான், குழி, குழியடியில் மாமி. ஏதாவது செய்தாக வேண்டும் என்று மம்பட்டியை எடுத்து மண்ணைத் தள்ளத் தொடங்கினேன்.

"மகன்."

சுற்றிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. என்னைத்தான். என் முகத்தைப் பார்த்துத்தான்.

"மூடாதீங்க. நல்ல ஆழமாத்தான் தோண்டிரிக்கீங்க. வீணாப் போகப்படா. வாழை வெப்பம்."

சொல்லிவிட்டு, கேத்தலைக் கன்றின் மேல் சரியாகக் கவிழ்த்துவிட்டு, திரைக்குள் போனார். அதற்குப் பிறகு, மௌத்தாகும்வரை, என்னோடு நேரே ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

வாழை வைத்தோம். நன்றாகப் பிடித்தது. முதற் குலையில் பெரிய சீப்பு எனக்கு வந்தது. விறாந்தையில், அரிதட்டு வெளிச்சத்துக்குக் கொஞ்சம் அங்கால தள்ளி உட்கார்ந்து, நான் அதைத் தின்றுகொண்டிருந்தபோது திரை மெல்ல அசைந்தது.

"புள்ள, உன்ட மாப்பிள்ளை இனி எப்ப பயப்புடுவாரு எண்டு கேளு. தென்னம்புள்ள ஒண்டு இரிக்கி."

அடுத்த ரவுண்டப் கதை வந்ததும் மம்பட்டி என் கைக்கு வந்தது, தென்னம்பிள்ளை அதிக நாள் காத்திருக்கவில்லை.